ஏரிக்கரை மதிலில் ஒரு பெரட்டு

இதில் ஏதாவது கூட்டிச் சொல்லியிருக்கிறேனா என்று என்னிடம் கேட்காதீர்கள். கூட்டவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். அது எது, ஏன் என்பதையும் அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜீவராஜ். ஹட்டனுக்கும் டயகமவுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தேன். தோட்டத்தின் பெயரை எழுதினால் நாளைக்கே யூடியூப்காரர்கள் கேமராவோடு வந்து நிற்பார்கள், அதனால் எழுதவில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போகிற ஆள் நான். நேரம் மட்டும் சரியாகச் சொல்வேன். பதினாறு வருடமாகக் கையில் கடிகாரம் இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை.

நடந்தது போன வருடம் மார்ச் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு டேம் இருக்கிறது. மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கம். போன வருடம் ஜனவரியிலிருந்து மழையே இல்லை. தேயிலை கருகியது. டேமில் தண்ணீர் ஒவ்வொரு நாளும் இரண்டடி, மூன்றடி என்று பின்னால் போனது. பெப்ரவரி கடைசியில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு கல்மதில் தலையை நீட்டியது. டேம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தில் ஒரு சின்ன ஏரி இருந்ததாம். அந்த ஏரியின் கரையோடு வளைந்து போகிறது மதில். நடுவில் ஒரு வாசல். வாசலின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்தில் இரண்டு கல்தூண்கள். மதிலை ஒட்டி வரிசையாக மரக்கம்பங்கள், எல்லாம் கூராகச் சீவியவை. எத்தனையோ நூறு வருடம் சேற்றில் கிடந்தும் அந்த மரம் உக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் கொழும்பிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. பொறுப்பாக வந்தவர் சிவதர்சினி மிஸ், சாவகச்சேரிக்காரர். மழை வந்து தண்ணீர் ஏறுவதற்குள் மதிலை அளந்து, வரைந்து, படம் எடுத்து முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே அவசரம். முழங்கால் சேற்றில் அவர் நின்று வேலை செய்வதைப் பார்த்தால் கரையில் நிற்கிற எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். சேறு வெட்ட ஆள் கேட்டார். கொழுந்து இல்லாமல் சும்மா இருந்த பதினோரு பேரைத் தோட்டம் அனுப்பியது. அவர்களை மேய்க்க என்னை அனுப்பியது.

பதினோரு பேரில் ஒருத்தி பிரியந்தி. என் மனைவி. கல்யாணமாகி அப்போது ஏழு வருடம். பிள்ளை இல்லை. நுவரெலியா கிளினிக்குக்கு நடந்து நடந்து, அதற்கு முந்தின வருடம்தான் போதும் என்று விட்டிருந்தோம். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

பெரட்டு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரியாதவர்களுக்கு மற்றது விளங்காது. தோட்டத்தில் வேலைக்கு முன்னால் எல்லோரும் களத்தில் கூடி நிற்பார்கள். கங்காணி பெயர் வாசிப்பார். பெயர் வந்தால் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். நான் மூன்று தடவை கூப்பிடுவேன். மூன்றாவது தடவையும் குரல் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். அந்த ஆளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. எங்கள் ஜனத்தை நடுத்தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். முதலில் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறக்கும்.

மதில் வேலையில் நான் சாயங்காலமும் ஒரு பெரட்டு வைத்தேன். யாரும் சொல்லி வைத்ததல்ல, என் சொந்த யோசனை. டேம் சேறு பொல்லாதது. ஆளைப் பிடித்தால் விடாது. எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். மனைவிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் வாய் திறக்கக் கூடாதென்று பிரியந்தியின் பெயரைக் கடைசியில் எழுதியிருந்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். மிஸ் என்னைக் கூப்பிட்டார். ஒரு கம்பத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"ஜீவா அண்ணா, இஞ்ச வந்து பாருங்கோ. இந்தக் கூரெல்லாம் எந்தப் பக்கம் சரிஞ்சு நிக்குது?"

பார்த்தேன். எல்லாக் கம்பமும் தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

"ஏரிப் பக்கம் மிஸ்."

"ஓம். கரைப்பக்கத்தால வாற எதிரிக்கெண்டால் மற்றப் பக்கமெல்லோ நிக்கவேணும்? வாசலைப் பூட்டுற தாழுக்குக் குழி வெட்டியிருக்கு. அதுவும் கரைப்பக்கம்தான்."

"அப்ப ஏரியில இருந்து வர்றவங்களுக்குக் கட்டுனதா?"

"ஒரு வள்ளம் விடக்கூடக் காணாத ஏரி அண்ணா. அதுக்குள்ளால ஆர் வருவினம்?"

அவர் சிரிக்கவில்லை. நானும் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

2.15க்கு மிஸ் மரத்துண்டுகளை எடுத்துக்கொண்டு வேனில் நுவரெலியாவுக்குப் போனார். 3.50க்குப் போன் பண்ணினார். "மேல்பக்கம் நல்லா இருட்டுது அண்ணா. வெட்டின குழியளைப் படங்கால மூடிப்போட்டு வெளிக்கிடுங்கோ." அகரப்பத்தனைப் பக்கம் இடி கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஒரு சொட்டும் இல்லை.

4.10. தண்ணீர் விளிம்பு எங்கே இருக்கிறது என்று குறிப்பது என் வேலை. காலையில் ஒரு குச்சி, மாலையில் ஒரு குச்சி, நுனியில் சிவப்புத் துணி. வாசலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். காலையில் தண்ணீரை ஒட்டி நட்ட குச்சி தனியாக நின்றது. தண்ணீரைக் காணோம். எட்டி நடந்தேன். பன்னிரண்டு எட்டு வைத்த பிறகுதான் தண்ணீர் இருந்தது.

ஒரே பகலில் பன்னிரண்டு எட்டு...

"கதவத் தொறந்துட்டாங்க போல" என்றார் சேறு வெட்ட வந்த சிவசாமி. டேம் கதவைத் திறந்தால் முதலில் சங்கு ஊதும். சங்கு ஊதவில்லை. தண்ணீர் வற்றிய இடத்தில் எப்போதும் குஞ்சு மீன் துடிக்கும், கொக்கு வந்து நிற்கும். அன்றைக்கு மீனும் இல்லை, கொக்கும் இல்லை. சேறு மட்டும் வழுவழுவென்று கிடந்தது.

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். பயம் என்று அப்போது நினைக்கவில்லை.

4.35க்குப் பனி இறங்கியது. எங்களுக்குப் பனி புதிதல்ல. ஆனால் மலைப்பனி மேலிருந்து கீழே வரும். இது தண்ணீரிலிருந்து எழும்பி, வாசல் வழியாக எங்கள் பக்கம் வந்தது. மதிலுக்கு மேலாக வரவில்லை. வாசல் வழியாக மட்டும்.

படங்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கல் வைத்தோம். எல்லோரையும் வாசலுக்கு இந்தப் பக்கம், இருபது எட்டுத் தள்ளிக் கூட்டி நிறுத்தினேன்.

4.52. நோட்டைத் திறந்தேன். முதல் பெயர் இராமையா, கடைசிப் பெயர் பிரியந்தி. பதினோரு பெயர், பதினோரு குரல். நோட்டை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"நடங்க, நடங்க. மழை வரப்போகுது."

நான் முன்னால் நடந்தேன். ஆறு எட்டு வைத்திருப்பேன்.

"இராமையா."

பின்னாலிருந்து வந்தது. வாசல் பக்கமிருந்து.

"இருக்கேன்" என்றார் இராமையா. பிறகு என் முதுகைப் பார்த்து, "இப்பத்தானே தம்பி கூப்புட்ட, மறுபடியும் எதுக்கு?" என்று கேட்டார்.

"நான் கூப்புடல."

"சிவசாமி."

"இருக்கேன்."

அழகன் பொல்லாத சேட்டைக்காரன். தோட்டத்துத் துரையிலிருந்து என் வரைக்கும் எல்லோர் மாதிரியும் பேசிக் காட்டுவான். அவனைத்தான் சந்தேகப்பட்டேன்.

"அழகா, வெளையாடாத."

அவன் வாய் நிறைய வெற்றிலை. இல்லை என்று தலையை ஆட்டினான். கண் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

"ராக்காயி."

"இருக்கேங்க."

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மூன்று பெயர் வாசித்ததும் நான் தொண்டையைச் செருமுவேன். பதினாறு வருடப் பழக்கம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது என் குரல். அதே இழுப்பு, அதே நிதானம். என் குரல் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று என் பெரட்டை வாசித்துக்கொண்டிருந்தது.



இராமையா திரும்பினார். வாசலைப் பார்த்து நடந்தார். காலையில் மலைக்கு வேலைக்குப் போகிற அதே நடை.

"எங்க போறீங்க? நில்லுங்க."

காதில் விழவில்லை. பின்னால் சிவசாமி. அவருக்குப் பின்னால் ராக்காயி.

"அழகன்."

வெற்றிலையைத் துப்பினான். "இருக்கேன்." நடந்தான்.

"பதில் சொல்லாதீங்க" என்று கத்தினேன். "யாரும் வாயத் தொறக்காதீங்க."

திறந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெயர் வந்தால் வாய் தானாகத் திறக்கும். அப்படித்தான் நாங்கள் அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

ஐந்து... ஆறு... வாசலுக்குள் போனவர்களைப் பனி மூடியது. உள்ளே தண்ணீரில் கால் வைக்கிற சத்தம்.

சளக்... சளக்...

அடுத்துப் போகிற ஆளின் தோளையாவது பிடித்து இழுக்கலாம் என்று ஓடினேன். வாசலுக்கு இரண்டு எட்டு முன்னால் என் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

ஏழு. எட்டு.

எண்ணிக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒன்பது.

"வீரய்யா."

"இருக்கேன்."

பத்து.

அடுத்த பெயர் எனக்குத் தெரியும். நான்தான் எழுதினேன்.

திரும்பி ஓடினேன். பிரியந்தி தனியாக நின்றிருந்தாள். முகம் வாசலைப் பார்த்து. வாய் பாதி திறந்து.

"பிரியந்தி."

பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து, வலது கையால் வாயைப் பொத்தினேன். "இரு..." என்பது என் உள்ளங்கைக்குள் நின்றது. திமிறினாள். அவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"பிரியந்தி."

என் கையைக் கடித்தாள். பல் உள்ளே இறங்கியது. விடவில்லை. அவளும் விடவில்லை.

"பிரியந்தி."

மூன்று தடவை.

பிறகு அமைதி...

அவள் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உள்ளே ஒரு சத்தம். சரக்... நோட்டில் பக்கம் திருப்புகிற சத்தம்.

என் நோட்டில் அடுத்த பக்கம் வெறும் பக்கம். நோட்டு என் பையில் இருந்தது.

அது இன்னொரு பெயரைக் கூப்பிட்டது.

பெண்பிள்ளைப் பெயர். என் பட்டியலில் இல்லாத பெயர். எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் இல்லாத பெயர். நான் மறைக்கிறேன் என்று சொன்னது இதைத்தான். எழுதினால் நீங்கள் வாய்விட்டு வாசித்துவிடுவீர்கள்.

ஒரு தடவை.

இரண்டு தடவை.

பிரியந்தியின் பல் என் கையை விடவில்லை.

மூன்றாவது தடவை.

"ம்..."

சின்னச் சத்தம். மிகப் பக்கத்தில். பிரியந்தி முனகுகிறாள் என்று நினைத்தேன்.

உடனே வாசலில் மரம் இழுபடுகிற ஓசை. கிர்ர்ர்... அந்த வாசலுக்குக் கதவு கிடையாது. இரண்டு கல்தூண்கள்தான். ஆனால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உள்ளே பத்துப் பேர்.

அந்த நேரத்தில் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். வாய் தானாகத் திறந்தது. பதினாறு வருடமாக ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்கு மலையில் நின்று போடுகிற சத்தம்தான்.

"வேலை விட்டாச்சுசுசு..."

பெயருக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஜனத்துக்கு இன்னொன்றும் தெரியும். வேலை விட்டாச்சு என்றால் அதன் பிறகு எந்தத் துரை தடுத்தாலும் ஒரு நொடி நிற்காது.

கிர்ர்ர் என்ற சத்தம் பாதியில் நின்றது.

முதலில் வீரய்யா வந்தான். பிறகு அழகன். ராக்காயி. ஒவ்வொருவராக, வேலைக்குக் கட்டுகிற சாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலை முடிந்து வருகிற மாதிரி வந்தார்கள். எண்ணினேன். கடைசியில் இராமையா. பத்து.

ஓடினோம். பிரியந்தியை இழுத்துக்கொண்டு, விழுந்து எழும்பி, மேட்டில் ஏறி, பஸ் ரோட்டுக்கு வந்து நின்றோம். 5.14. மறுபடியும் எண்ணினேன். பதினோரு பேர். ஒருவர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

"எதுக்கய்யா உள்ள போனீங்க?" என்று இராமையாவிடம் கேட்டேன்.

"நீதானே தம்பி பெரட்டுக்குக் கூப்புட்ட?"

அவர் காலைப் பார்த்தேன். பத்துப் பேர் காலையும் பார்த்தேன். தண்ணீரில் நடந்த சத்தம் என் காதால் கேட்டது. ஒரு காலிலும் ஈரம் இல்லை. சேறு காய்ந்து வெடித்திருந்தது.

பனி விலகியது. கீழே பார்த்தோம். மதில் இல்லை, வாசல் இல்லை, சிவப்புத் துணிக் குச்சிகள் இல்லை. கரை வரைக்கும் தண்ணீர்.

நாலு நாள் கழித்து மிஸ் வீட்டுக்கு வந்தார். டேம் ஆபீசிலிருந்து வாங்கிய ஒரு தாளை வைத்திருந்தார். தண்ணீர் மட்டத்தைக் கருவி தானாகப் பதிவு செய்கிற கோடு.

"அண்டைக்கு எத்தனை மணிக்கு மதிலடியால வெளிக்கிட்டனீங்கள் அண்ணா?"

"அஞ்சு மணி தாண்டி மிஸ்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"அஞ்சு மணி தாண்டி."

அவர் கோட்டைக் காட்டினார். மேலே பெய்த மழைத் தண்ணீர் பகல் 2.40க்கே டேமுக்குள் வர ஆரம்பித்திருக்கிறது. நான் பன்னிரண்டு எட்டு நடந்து குச்சி பார்த்த 4.10க்கு அந்த வாசலில் கழுத்தளவு தண்ணீர். நான் பெரட்டு வாசித்த 4.52க்குக் கல்தூண்கள் முழுகிவிட்டன. நாங்கள் நின்ற இடத்தில் பத்தடித் தண்ணீர்.

 மிஸ் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, டீ குடிக்காமலே போய்விட்டார்.

அடுத்த வாரம் பிரியந்தி கிளினிக்குக்குப் போய் வந்தாள். இரண்டு மாதம் என்றார்கள். ஏழு வருடம் காத்திருந்த செய்தி. மதில், பனி, குரல் எல்லாவற்றையும் சந்தோஷத்தில் மறந்தேன். மறக்கத்தான் விரும்பினேன். ஒக்டோபர் கடைசியில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல நிறம்.

முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க உட்கார்ந்தோம். நான் நாலைந்து பெயர் எழுதி வைத்திருந்தேன். "ஒனக்கு ஏதாவது புடிச்சிருந்தா சொல்லு" என்றேன்.

பிரியந்தி அழ ஆரம்பித்தாள்.

"அன்னிக்குக் காலையில மதிலுக்கு எறங்கும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, பிள்ள தங்கிருச்சின்னு. பொம்பளப் பிள்ளன்னா என்ன பேரு வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே நடந்தேன். ஒரு பேரு தோணுச்சு. உங்ககிட்டகூடச் சொல்லல. வாய்விட்டே சொல்லல."

"என்ன பேரு?"

"கடைசியா உள்ள இருந்து கூப்புட்டாங்களே... அதுதான்."

 அவளைத் தேற்ற வேண்டுமே.

"சரி விடு. அந்தப் பேருக்கு யாரும் பதில் சொல்லலையே. நீதானே முனகுன."

அவள் என் வலது கையை எடுத்து விரித்தாள். அவள் பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

"உங்க கையக் கடிச்சுக்கிட்டு மூச்சுகூட விடாம நின்னேங்க. நான் முனகல. என் வயித்துக்குள்ள இருந்துதான் கேட்டுச்சு."

பிள்ளைக்கு வேறு பெயர்தான் வைத்தோம். தோட்டத்தை விட்டு வட்டவளைக்குக் குடிவந்துவிட்டோம். பிள்ளைக்கு இப்போது நாலு மாதம். அந்தப் புதுப் பெயரைச் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வயதில் அப்படித்தான் என்று கிளினிக்கில் நர்ஸ் சொல்கிறார்.

நேற்று மாலை 5.20க்கு இராமையா போன் பண்ணினார். இந்த வருடமும் மழை இல்லையாம். மதில் தெரிய இன்னும் ஆறடித் தண்ணீர்தான் வற்ற வேண்டுமாம்.